நீல மோதிரக் கதை உள்ள கிரீன் லான்டர்ன் தொகுப்பு தேவை (கடலூர், புதுச்சேரி)

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் வாசிப்பு வட்டத்தில், கிரீன் லான்டர்ன் என்னும் அமெரிக்கச் சித்திரக்கதைத் தொடரில் வரும், நம்பிக்கையையே ஆற்றலாகக் கொண்ட நீல மோதிரத்தைப் பற்றி வரும் ஞாயிறன்று பேசவிருக்கிறேன். அதற்கான புத்தகம் இப்போது படிக்கும் நிலையில் இல்லை.

அது ‘ரேஜ் ஆஃப் தி ரெட் லான்டர்ன்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பு; கிரீன் லான்டர்ன் 36 முதல் 38 வரையிலான இதழ்கள் அதில் அடங்கும். மழைக்காலத்து ஈரத்தில் வழவழப்பான தாள்கள் ஒட்டிக்கொண்டன. நீல மோதிரம் அணிந்த செயின்ட் வாக்கர் தோன்றும் பக்கங்களைப் பிரித்தால், நீல மை உரிந்து எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது.

அந்தப் பக்கங்கள்தாம் எனக்கு முக்கியம். நீல மோதிரம் தனித்திருந்தால் பறக்கவும் அணிந்தவரைக் காக்கவும் மட்டுமே உதவும். மனவுறுதியால் இயங்கும் பச்சை மோதிரம் அருகில் இருந்தால்தான் அதன் முழு ஆற்றலும் வெளிப்படும். 2004 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைகள் இதைப் படங்களோடு பார்த்தே அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒட்டிய தாள்களைப் பிரிக்க மாவு தூவிப் பார்த்தேன், குளிர்பெட்டியில் வைத்தும் பார்த்தேன், பயனில்லை. புதுச்சேரியின் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கவில்லை. இணையத்தில் வாங்கினால் ஞாயிற்றுக்குள் வந்து சேராது. கைப்பேசித் திரையைச் சுற்றி அத்தனை பிள்ளைகளும் அமர முடியாது.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இந்தத் தொகுப்பையோ 36-ஆம் இதழையோ வைத்திருப்பவர் எவரேனும் ஒரு நாளைக்கு இரவல் தர இயலுமா?