அப்பா பாடிய கேசட்டுகளில் அவர் குரல் மாறிக் கேட்கிறது: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (மகள், கிருஷ்ணகிரி):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் காலமாகி, வரும் மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. மாங்காய் மண்டியில் கணக்கெழுதி எங்கள் மூவரையும் படிக்கவைத்த அவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆர்மோனியத்தைத் திறந்து நாலு பாட்டாவது பாடாமல் படுத்ததில்லை. நாங்கள் வாய்ப்பாட்டைக்கூட ராகத்தோடுதான் மனப்பாடம் செய்தோம். அவர் பதிவுசெய்துவைத்த 40 கேசட்டுகளை நினைவு நாளன்று உறவினர்கள் கேட்கும்படி கணினியில் ஏற்றத் தொடங்கினேன். ஆனால், பழைய சாமான் கடையில் வாங்கிய பிளேயரில் அவர் குரல் மெலிந்து, அவசரமாகப் பாடுவதுபோல் ஒலிக்கிறது. “இது உங்க அப்பா குரலே இல்ல” என்று அம்மா எழுந்து போய்விட்டார். நாடா கெட்டுவிட்டதா? இடையிடையே கேட்கும் குக்கர் விசிலையும் எங்கள் சண்டைச் சத்தத்தையும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 1 (தருமபுரி):
சகோதரி, வருந்த வேண்டாம். நாடா பழுதானால் பொதுவாக ஒலி மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். பாட்டு முழுவதும் சீராகச் சுருதி ஏறியிருந்தால் வேகத்தில்தான் கோளாறு. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அது சுமார் 6 விழுக்காடு கூடினாலே சுருதி அரைக்கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். எவ்வளவு குறைப்பது என்பதற்கான அளவுகோல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த ஆர்மோனியத்துக்கு இடையில் புதிதாகச் சுருதி சேர்க்கவில்லையென்றால், அவர் வழக்கமாகப் பிடித்த கட்டையை அழுத்தி, பதிவில் கேட்கும் ஆர்மோனிய ஸட்ஜத்தோடு (ஆதார ஸ்வரமான ‘ஸ’) ஒப்பிடுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே குறையுங்கள். சுருதியை மட்டும் குறைத்தால் அந்த அவசரம் அப்படியே நிற்கும். இன்னொன்று: கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் அழிந்துவிடாது.

மறுமொழி 2 (பஜனைக் கோஷ்டி, கிருஷ்ணகிரி):
அம்மா, மண்டிக் கணக்கர், ஆர்மோனியம் என்று படித்ததுமே யாரென்று தெரிந்துகொண்டேன். மார்கழிப் பனியில் விடியற்காலை நாலரைக்கெல்லாம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பவர் அவர். அவருக்குச் சுருதி ஒரு கட்டை, கடைசிவரை அதுதான். வானொலியில் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கிவைத்திருந்தார்கள். ஸ்வரங்களை அசைத்து இழைத்துப் பாடும் கமகத்துக்கு அது இடம் கொடுக்காது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதில் ஞாயம் உண்டென்று உங்கள் தந்தையாரே சொல்வார். ஆகையால் கமகம் நிறைந்த தோடி ராகம் பாடும்போது மட்டும் விரலை ஓடவிடாமல், ஸட்ஜத்தை அழுத்தியபடி தொண்டையாலேயே பாடுவார். அந்தத் தோடி இருக்கும் கேசட்டைத் தேடுங்கள். ஒப்பிட நீளமான ஸட்ஜம் கிடைக்கும். சத்தங்களை மட்டும் தயவுசெய்து நீக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பாடியவர் அல்லர் அவர்.

கேட்டவரின் பதில்:
இருவருக்கும் நன்றி. ஐயா சொன்ன தோடி ஏழாவது கேசட்டில் கிடைத்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தபோது, பதிவு ஒன்றரைக்கு ஏறியிருந்தது. குறைத்ததும் குரல் கனத்து அப்பாவாகிவிட்டது. அம்மாவை அழைத்து உட்காரவைத்தேன். பாட்டின் நடுவே, “மோர் ஊத்தவா?” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் இளவயதுக் குரல் கேட்கிறது, அப்பா பாட்டை விடாமல், அதே ஸ்வரத்தில் “ம்ம்” என்கிறார். அந்த இடத்தை அம்மா நான்கு முறை போடச் சொன்னார்.