கரிசலாங்கண்ணி அனுபவங்கள்: வடசென்னை ஆட்கள் வாங்க

தண்டையார்பேட்டைக்காரன்:
மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாவிடம், இது நிஜக் கரிசலாங்கண்ணிதானா என்று கேட்டேன். பதிலே இல்லை. ஒரு தண்டை ஒடித்து, என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் அழுந்தத் தேய்த்தார். முதலில் வெறும் பச்சை ஈரம். அவர் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் ஓரம் கறுத்து, அப்புறம் கை முழுக்க மை. "கையிலேயே எழுதிக் குடுத்துட்டேன், போதுமா தம்பி?" என்றார். சரி, எங்கே பறித்தது என்றேன். அதுவரை பேசியவர் அடுத்த ஆளுக்கு முருங்கைக்கீரை எடுக்கத் திரும்பிவிட்டார். ஏன் சொல்லவில்லை? அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரம்பூர்_பச்சை:
பூங்காவில் ஒருவர் மஞ்சள் பூச்செடியை வேரோடு பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். மகனுக்குக் காமாலையாம். அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை, அழகுக்கு நடுகிற சிங்கப்பூர் டெய்சி. பூவைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இலையில்தான் பிடிபடும்: இதற்கு மூன்று மடலாகப் பிரிந்து பளபளக்கும், நம் செடிக்கு நீண்டு குறுகியிருக்கும். இலையைக் காட்டியே சொன்னேன். "நீங்க டாக்டரா?" "இல்லைங்க." "அப்ப விடுங்க."

மணலி_மாடித்தோட்டம்:
தண்டையார்பேட்டைக்காரரே, அந்த அம்மா வாய் திறக்காததே பதில்தான். இங்கே ஈரம் நிற்கிற இடமெல்லாம் கால்வாய்க் கரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்ததை மறந்தாயிற்றா? தண்ணீர் வடிந்தபின் எங்கள் தெருக்கோடியில் முதலில் தலைகாட்டியது கரிசலாங்கண்ணிதான், தண்டெல்லாம் கறுப்புப் பிசுக்கு. அன்றோடு வெளியே வாங்குவதை விட்டேன். மண்ணில் ஈயமோ காட்மியமோ இருந்தால் கீரை அதையும் சேர்த்து உறிஞ்சும். அலசினாலும் வேகவைத்தாலும் போகாது.

வீட்டிலேயே போடுங்கள். விதை கறுப்பு, பொடிசு. புதைத்தால் முளைக்காது, அதற்கு வெளிச்சம் பட வேண்டும். மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாக அமுக்கினால் போதும். தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றாதீர்கள், விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், தெளியுங்கள். தொட்டிக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். நெல் வயலில் களையாக வருகிற செடி இது, மண் காயவே கூடாது. பூக்கத் தொடங்கும்போது அடியில் நாலு விரல் விட்டு அறுங்கள், மறுபடி துளிர்க்கும். தரையில் பட்ட கணுவிலும் வேர் இறங்கும், மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இந்தத் தண்டு நடவுதான் சுலபம். குப்பைமேட்டுப் பக்கத்து மண் மட்டும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அண்ணே, வளர்ப்பது எப்படி என்று நான் கேட்கவே இல்லையே. என் வீட்டில் மொட்டைமாடியே ஹவுஸ் ஓனர் கையில்.

ஏழுகிணறு_பேத்தி:
வள்ளலார் இருந்த வீடு எங்கள் பேட்டையில்தான். அவர் உயர்த்திச் சொன்ன கீரை என்று எங்கள் ஆயா விடாமல் சமைப்பார். எனக்கு மறக்காதது அவருடைய கண்மை. வெள்ளைத் துணியைச் சாற்றில் நனைத்து நிழலில் காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படிகிற கரியை வழித்தெடுப்பார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார். குழந்தை கண்ணில் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆயா எதுவும் பேசவில்லை. குழந்தையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார். மிச்சத்தை நிதானமாகத் தன் கண்ணில் தீட்டிக்கொண்டு டாக்டரையே பார்த்தார்!

பெரம்பூர் நண்பரே, பிள்ளைக்குக் காமாலை என்பவரிடம் இலைப்பாடம் எதற்கு? முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரம்பூர்_பச்சை:
சொல்லாமல் இருப்பேனா? "ரத்தம் குடுத்தாச்சு சார், ரிசல்ட் நாளைக்குத்தானாம். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?