மதியம் மட்டும் இறங்கும் தொட்டி மட்டம்: சென்சாரா, திருட்டா?

காவிரிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காவிரிக் கரையோரப் பேரூராட்சி ஒன்றில் குடிநீர் வேலையைப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மனுஷனின் பெயர் கெட்டுக்கொண்டிருக்கிறது.

ஆற்றுக்குள் கிணறு, அதில் 30 ஹெச்.பி. மோட்டார் இரண்டு. ஒன்று ஓடும், ஒன்று ஸ்பேர். அங்கிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் 2 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. முன்பெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் போட்டால் கிணற்றடியில் இருப்பவர் மோட்டாரை நிறுத்துவார். போன வருடம் ஸ்காடா போட்டார்கள், அதாவது மட்டத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து மோட்டாரைத் தானாக இயக்கும் சிஸ்டம். தொட்டிக்குள் தொங்கும் பிரஷர் சென்சார், மேலே ஒரு பெட்டி, அதில் சிம். கிணற்றடிப் பேனலில் ஒரு பி.எல்.சி., மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சின்னக் கணினி, அதற்கும் ஒரு சிம். மட்டம் 1.5 மீட்டருக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், 3.8 வந்தால் நிற்கும். 4 மீட்டரில் வழிகுழாய். ஆபீஸ் கணினியிலும் எங்கள் போனிலும் கோடு கோடாக கிராஃப் வரும்.

பிரச்சினை இதுதான். காலை சப்ளை முடிந்து, தொட்டி நிரம்பி, 11 மணிக்கு 3.8 காட்டுகிறது. எல்லா வால்வும் மூடியிருக்கிறது. ஆனால் 3 மணிக்குப் பார்த்தால் 3.5. எங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 500 லிட்டர். ஆக 15,000 லிட்டரைக் காணோம். வார்டு உறுப்பினர் ஒருவர் கிராஃபைப் பார்த்துவிட்டு, "தினம் இரண்டரை லாரி தண்ணீர் யார் தோப்புக்குப் போகிறது?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். எல்லோரும் தொட்டி அண்ணனைத்தான் பார்த்தார்கள். 19 வருடமாக அந்த வேலையில் இருப்பவர்.

இன்னொன்று. காலையில் கரண்ட் போய், மதியம் வரை மோட்டார் ஓடும் நாட்களில் தொட்டி வழிகிறது. ஸ்கிரீனில் 3.7தான் இருக்கும். அப்போதெல்லாம் அண்ணன் கிணற்றடிக்குப் போன் போட்டு, சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பி நிறுத்தச் சொல்கிறார். "இவர் கை வைப்பதால்தான் சிஸ்டம் குழம்புகிறது, அந்த ஆட்டோ-மேனுவல் சுவிட்சையே கழற்றிவிடலாம், எல்லாவற்றையும் நீங்கள் போனிலேயே ஆன், ஆஃப் செய்துகொள்ளலாம்" என்கிறார் மாட்டிக்கொடுத்த கம்பெனிக்காரர். ஃபைல் செயல் அலுவலர் மேசையில் இருக்கிறது.

சென்சாரைச் சோதித்தார்கள், மட்டத்தைச் சொல்ல அது அனுப்பும் கரண்ட், அந்த மில்லி ஆம்பியர் சரியாக வருகிறதாம். என்ன செய்யலாம்?

பேனல்கடை எழுதியது:

கோவையில் பம்ப் பேனல் கட்டித் தருகிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. ஒன்று, சாயங்காலம் மட்டம் என்ன காட்டுகிறது? இரண்டு, அந்தப் பெட்டி தொட்டிக்கு மேல் வெயிலில் இருக்கிறதா? மூன்று, சமீபத்தில் யாராவது அதைத் திறந்து ஏதாவது செய்தார்களா?

காவிரிக்கரை எழுதியது:

சார், இப்போதுதான் கிராஃபை உற்றுப் பார்த்தேன். 6 மணிக்கு மேல் தானாக ஏறி, 7 மணிக்குத் திரும்ப 3.8. மோட்டார் ஓடவில்லை. இதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

பெட்டி மொட்டை வெயிலில்தான். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கிச் சென்சார் கெட்டது. புதிது போட்டு, இருந்த ஓட்டை எல்லாவற்றையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள்.

பேனல்கடை எழுதியது:

சரி, அண்ணன் பிழைத்தார். மதியம் எடுத்த தண்ணீரைச் சாயங்காலம் கொண்டுவந்து ஊற்றும் திருடன் எந்த ஊரிலும் இல்லை.

உங்கள் சென்சார் கேபிளுக்குள் மின்கம்பிகளோடு ஒரு மெல்லிய காற்றுக்குழாய் ஓடுகிறது. ஸ்ட்ரா மாதிரி, அதைவிடச் சன்னமாக இருக்கும். கீழே சென்சாரின் சவ்வை ஒரு பக்கம் தண்ணீர் அழுத்துகிறது. தண்ணீருக்கு மேல் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் அழுத்துகிறது. அந்தக் காற்றின் அழுத்தத்தைக் கழிப்பதற்காகத்தான் சவ்வின் மறுபக்கத்தை இந்தக் குழாய் வழியாக வெளிக்காற்றோடு சேர்த்து வைக்கிறார்கள். குழாயின் மேல்முனை திறந்திருந்தால்தான் கணக்கு நேராகும்.

உங்களுக்கு முனையை அடைத்துவிட்டார்கள். இப்போது உள்ளே மாட்டிய காற்றுக்கு வெயில் ஏறினால் போக வழியில்லை, அழுத்தம் கூடுகிறது. மூடிய காற்று 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 33 மில்லிபார் ஏறும். ஒரு மில்லிபார் என்பது ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குக் கொஞ்சம் கூட. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் 30 சென்டிமீட்டர் அங்கேயே இருக்கிறது. குழாய்க் காற்று சவ்வைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, சென்சாரோ தண்ணீர் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் "திரும்பி வருகிறது".

தொட்டி வழிவதற்கும் இதே காரணம்தான். ஸ்கிரீன் 3.7 என்று சொல்லும்போது தொட்டியில் இருப்பது 4. வழியாமல் என்ன செய்யும்? அண்ணன் மேனுவலில் நிறுத்தச் சொன்னது குழப்பம் இல்லை. அந்த நேரத்தில் அங்கே ஒழுங்காக வேலை செய்த ஒரே கருவி அவர்தான்.

மில்லி ஆம்பியர் சரியாக வருகிறது என்பதை வைத்து மட்டத்தை நம்ப வேண்டாம். அந்தக் கரண்டை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை என்று வைத்ததற்குக் காரணம், வயர் அறுந்தால் கரண்ட் 4-க்குக் கீழே விழுந்து காட்டிக்கொடுக்கும் என்பதுதான். சென்சார் தப்பாக உணர்ந்தால் அந்தத் தப்பையும் துல்லியமான மில்லி ஆம்பியராக அனுப்பும்.

மதியம் 3 மணிக்கு மேலே ஏறுங்கள், வெயிலைப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஆள் நுழையும் மூடியைத் திறந்து, டேப்பில் கனம் கட்டி இறக்கி, நிஜ ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து குழாய் முனையை விடுவியுங்கள். ஆபீஸில் ஒருவர் எண்ணைப் பார்த்துக்கொண்டு போனில் இருக்கட்டும். நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, முனையைத் திறந்தே வைத்து, ஈரம் போகாதபடி சிலிக்கா ஜெல் குப்பி மாட்டுவது. பெட்டிக்கும் காற்று மட்டும் போய்வரும் பிரீதர் ஒன்று வேண்டும். ஒரு தகரக் கூரை போட்டு நிழலும் கொடுங்கள்.

சுவிட்சைக் கழற்ற விடாதீர்கள். கழற்றச் சொல்பவர் ராத்திரி 2 மணிக்கு மோட்டாரை நிறுத்த உங்கள் ஊருக்கு வரப்போவதில்லை.

லிஃப்ட்ஸ்டேஷன் எழுதியது:

நான் கழிவுநீர்ப் பக்கம். பாதாளச் சாக்கடை நீருந்து நிலையத்தில் 11 வருடம். உங்களுக்கு வழிந்தால் நல்ல தண்ணீர் வீண், எங்களுக்கு வழிந்தால் தெருவே நாறிப் போகும். அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றில் அல்ட்ராசானிக் சென்சார். மேலிருந்து ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டம் சொல்லும். சாக்கடைக் கிணற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் மேலே கம்பளி மாதிரி படியும். நுரை ஒலியை விழுங்கிவிட்டால் கருவி என்னத்தையாவது சொல்லும். அதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டோம்.

பழகாதது ஒன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் மோடம் தொங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் ஸ்கிரீன் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நின்றது. 2.10. பச்சை நிறத்தில். அறையில் இருந்தவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், 2.10. டீ குடித்துவிட்டுப் பார்த்தார், 2.10. இங்கே பம்ப்பில் துணி சிக்கி நின்றுபோய், மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் ஒரு புள்ளிகூட மாறாத மட்டத்தைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாக்கடை மட்டம் ஒரு நிமிஷம்கூட அசையாமல் நிற்காது.

அதற்கப்புறம் நாங்கள் சண்டை போட்டு வாங்கியவை: ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது வந்த நேரம் தெரிய வேண்டும், ஐந்து நிமிஷம் புதிதாக வராவிட்டால் எண் மறைந்து கோடு விழ வேண்டும். மட்டம் எல்லை தாண்டினால் ஊளையிட ஒரு ஃப்ளோட் சுவிட்ச், தண்ணீரோடு மிதந்து ஏறித் தானே தட்டும் சுவிட்ச், நேராக வயரில். அது மோடம் வழியாகவும் போகக் கூடாது, பி.எல்.சி. வழியாகவும் போகக் கூடாது. மொத்தச் செலவில் அந்த ஃப்ளோட்டின் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் என்னைத் தூங்க விடுவது அதுதான்.

காவிரிக்கரை, உங்கள் கிணற்றடியிலும் ஒன்றைக் கேளுங்கள். சிக்னல் போனால் மோட்டார் என்ன செய்யும்? ஓடிக்கொண்டே இருக்குமா, நிற்குமா? கம்பெனிக்காரர் யோசித்துவிட்டுப் பதில் சொன்னால், இதுவரை யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

பூட்டுச்சாவி எழுதியது:

நான் தண்ணீர்க்காரன் இல்லை, நெட்வொர்க் பாதுகாப்பு வேலை. "போனிலேயே ஆன், ஆஃப்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் பூஸ்டர் நிலையத்துக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். அங்கே இருந்த பி.எல்.சி. வகைக்குக் கம்பெனி வைத்துக் கொடுக்கும் பாஸ்வேர்டு 1111. மாற்றாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்த கருவிகளைத் தேடித்தான் அந்தக் கூட்டம் நுழைந்தது. அலாரம் வந்ததும் ஊழியர்கள் அந்தச் சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கையால் இயக்கினார்கள். ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை. காவிரிக்கரை, அதாவது உங்கள் ஊரில் கழற்றச் சொல்லும் அந்த மேனுவல் வசதிதான் அங்கே கைகொடுத்தது.

பழைய கதை இன்னொன்று. 2000-ல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷயரில் 142 கழிவுநீர் நீருந்து நிலையங்களை ரேடியோ மூலம் இயக்கினார்கள். பம்ப்புகள் சொல்பேச்சு கேட்கவில்லை, அலாரம் வரவில்லை. புது சிஸ்டம், செட்டாகவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால், அதை மாட்டிய ஒப்பந்தக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு விலகியவர், காரில் லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் கலந்தது. அவருக்கு இரண்டு வருடச் சிறை.

உங்கள் கம்பெனிக்காரரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது, ஒருவர் வேலையை விட்டுப் போனால் யார் மாற்றுவார்கள், இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் பார்ப்பது எல்லோருக்கும் இருக்கட்டும். ஓட்டுவதும் நிறுத்துவதும் ஆபீஸில் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் போதும். சிம்முக்குப் பொது ஐ.பி. வேண்டாம், அது இணையத்தில் யாரும் தட்டக்கூடிய முகவரி. பிரைவேட் ஏ.பி.என். கேளுங்கள், அது உங்கள் சிம்களுக்கு மட்டுமான தனி வழி.

காவிரிக்கரை எழுதியது:

நேற்று ஏறினோம். நானும் தொட்டி அண்ணனும்.

அண்ணன் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டார். "குடிக்கிற தண்ணிக்கு மேல போறோம்" என்றார். படிக்கம்பி கை வைக்க முடியாத சூடு, துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினோம். டேப்பை இறக்கினால் ஈரம் 3.81. ஆபீஸில் இருந்த தம்பி போனில் சொன்ன எண் 3.52.

பெட்டியைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கேபிள் வந்து நுழையும் இடத்தில் அந்தக் குழாயை மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதற்கு மேல் சிலிக்கான். பிளேடால் சுரண்டி மடிப்பை எடுத்தேன். சத்தம்கூட வரவில்லை. "அண்ணா, 3.79 ஆயிடுச்சு" என்று ஆபீஸ் தம்பி போனில் கத்தினான். 3.8-ஐ ஒட்டியே இருட்டும்வரை நின்றது.

உடனே அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது பாதிப் படியில் நின்று, "அந்த கிராஃபைப் பேப்பர்ல எடுத்துத் தர முடியுமா, வீட்ல காட்டணும்" என்றார். கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வார்டு உறுப்பினருக்கும் ஒன்று அனுப்பினேன். வாங்கிக்கொண்டார், வேறு பேச்சு இல்லை.

சுவிட்ச் ஃபைல் திரும்பி வந்துவிட்டது, "தற்போதைய நிலை தொடரலாம்" என்ற குறிப்போடு. லிஃப்ட்ஸ்டேஷன் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். கம்பெனிக்காரர் யோசித்துவிட்டுத்தான் சொன்னார், சிக்னல் போனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்குமாம். பத்து நிமிஷம் செய்தி வராவிட்டால் நிற்க வேண்டும், கூடவே கிணற்றடிக்காரருக்கு ஒரு மணி அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. தொட்டிக்கு வெளியே மிதவையோடு கட்டின பழைய அளவுப் பலகை ஒன்று இருக்கிறது, கயிறு அறுந்து இரண்டு வருடம். ஸ்கிரீன் வந்தபின் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அண்ணன் அதைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்கிறார். நைலான் கயிறு போடலாமா, ஸ்டீல் கம்பியா? குளோரின் காற்றில் எது தாங்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.