கன்ட்ரோலே இல்லாத த்ரெட்ட ரீசனர் ஏன் கண்டுக்க மாட்டேங்குது?

கேள்வி:
வணக்கம் மக்களே. எங்க ப்ராஜெக்ட்ல 200 யூசர் ஸ்டோரி (யூசருக்கு என்ன வேணும்னு சுருக்கமா எழுதுறது) இருக்கு, ஆனா செக்யூரிட்டி ரெக்கொயர்மென்ட் எங்கனு தேடினா "சிஸ்டம் பாதுகாப்பா இருக்கணும்"னு ஒத்த வரி. சரி ஒழுங்கா பண்ணுவோம்னு ப்ரோடெஜேங்கிற டூல்ல ஒரு ஆன்டாலஜி (என்னென்ன விஷயம் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுன்னு கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி எழுதுற மாடல்) போட்டேன், அசெட் (காப்பாத்த வேண்டியது), த்ரெட் (வரக்கூடிய ஆபத்து), வீக்னஸ், கன்ட்ரோல் (ஆபத்த தடுக்குற ஏற்பாடு)னு நாலு கிளாஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் குறைஞ்சது ஒரு கன்ட்ரோல் இருந்தே ஆகணும்னு ரூலும் எழுதியாச்சு. டெஸ்ட் பண்றதுக்காக "பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க் திருட்டு"ங்கிற த்ரெட்ட மட்டும் கன்ட்ரோல் குடுக்காம விட்டேன். ஹெர்மிட் ரீசனர (எழுதின ரூல வச்சு தானா முடிவுக்கு வந்து, முரண்பாடு இருக்கான்னு பாக்குற ப்ரோக்ராம்) ஓட்டினா எல்லாம் கன்சிஸ்டென்ட், முரண்பாடே இல்லன்னு சமர்த்தா சொல்லுது! எங்க கோட்டை விட்டேன்?

பதில் 1:
எல்லாரும் முதல்ல விழுற குழிதான் இது. ஆன்டாலஜி எழுதுற மொழியான ஓ.டபிள்யூ.எல்-க்கு ஓப்பன் வேர்ல்ட் கணக்கு. நீங்க கன்ட்ரோல சொல்லலன்னா அது "இல்ல"ன்னு எடுத்துக்காது, "ஏதோ ஒண்ணு இருக்கு, எதுன்னுதான் தெரியல"ன்னு எடுத்துக்கும், அப்புறம் எப்படி எரர் வரும்? விட்டுப்போனத பிடிக்க ஷாக்கிள் வேணும், டேட்டா நாம சொன்ன விதிப்படி இருக்கான்னு செக் பண்ற மொழி அது, 2017-ல வெப் ஸ்டாண்டர்ட் போடுற டபிள்யூ3சி அத ஸ்டாண்டர்டாவே ஆக்கிட்டாங்க. த்ரெட்டுக்கு ஒரு ஷேப் (ஷாக்கிள்ல எழுதுற விதி) எழுதி, கன்ட்ரோலுக்கு மின்கவுன்ட் 1, அதாவது குறைஞ்சது ஒண்ணுன்னு போடுங்க. இல்லன்னா இந்த மாதிரி டேட்டாவ கேள்வி கேக்குற மொழியான ஸ்பார்க்கிள்ல "நாட் எக்ஸிஸ்ட்ஸ்" வச்சு ஒரு க்வெரி போதும்.

அதுக்காக ரீசனர தூக்கிப் போட்டுறாதீங்க. ரீசெட் லிங்க்கும் பாஸ்வேர்ட் மாதிரி ஒரு க்ரெடென்ஷியல்தான்னு ஒரு தடவ சொல்லிட்டா, க்ரெடென்ஷியலுக்குன்னு எழுதி வச்ச ரூல் எல்லாம் அதுக்கும் தானா வந்துரும். முதல்ல ரீசனர், அது கொண்டு வந்ததையும் சேர்த்து அப்புறம் ஷாக்கிள்.

பதில் 2:
நான் கொஞ்சம் குறுக்க பேசுறேன், மன்னிக்கணும். 30 த்ரெட்டுக்கு எக்செல் ஷீட்டே போதும் :) நாங்க ஒரு தடவ கிளாஸ் பேருக்கு சண்ட போட்டே ரெண்டு மாசத்த ஓட்டினோம், ரெக்கொயர்மென்ட் ஒண்ணு கூட வரல. இருந்தாலும் ஆன்டாலஜில எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஒருத்தர் டோக்கன்னு சொல்றதையும் இன்னொருத்தர் லிங்க்னு சொல்றதையும் ஒரே பேருக்கு கொண்டு வந்துரும். வீக்னஸ் லிஸ்ட்ட நீங்களா உக்காந்து எழுதாதீங்க, சாஃப்ட்வேர் வீக்னஸுக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கிற பொது லிஸ்ட்டான சி.டபிள்யூ.ஈ-ல இருந்து எடுங்க. உங்க ரீசெட் கேஸ் அங்க 640-ம் நம்பர்ல அப்படியே இருக்கு.

ஆனா ஒண்ணு, ஆன்டாலஜிக்கு உள்ள போடாதது அதுக்குத் தெரியாது. பழைய பாஸ்வேர்ட் கேக்காமலே ஈமெயில மாத்த விட்டு, அந்தப் புது ஈமெயிலுக்கே ரீசெட் லிங்க் போகுதுன்னு வைங்க, தனித்தனியா பாத்தா ரெண்டு ஸ்டோரியும் சரியாத்தான் தெரியும், சேர்த்து பாத்தாதான் ஓட்டை தெரியும். அத பிடிக்க மனுஷங்க உக்காந்து மிஸ்யூஸ் கேஸ் (கெட்டவன் இத எப்படி தப்பா பயன்படுத்துவான்னு) பேசித்தான் ஆகணும்.

கேட்டவர்:
ஷாக்கிள் ஓட்டிட்டேன், நான் விட்ட ஒண்ணோட கூடவே 11 வந்து நிக்குது, அதுல நாலு நிஜமாவே யாரும் யோசிக்காதது. இன்னொரு டவுட்டு, "ரேட் லிமிட்", "முயற்சி வரம்பு"னு ஒரே கன்ட்ரோல ரெண்டு பேரு ரெண்டு விதமா போட்டு வச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்ற ஓ.டபிள்யூ.எல் சேம்ஆஸ் போட்டு விட்டா போதுமா?

பதில் 1:
வேணாம், ஒண்ண தூக்கிருங்க. ஷாக்கிள் தானா சேம்ஆஸ பாத்து ஒண்ணுன்னு எண்ணாது, ரெண்டாத்தான் எண்ணும். நாளைக்கு "ரெண்டு கன்ட்ரோலாவது வேணும்"னு ஒரு ரூல் போட்டீங்கன்னா அது பொய்யா பாஸ் ஆயிரும்.