அவசரம்: சிட்டி ஆட்டோமேட்டிக்குக்கு எந்த கியர் ஆயில்?

மேலூர்_செந்தில் | திங்கள், இரவு 10.40
வணக்கம் நண்பர்களே. ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக். போன மாதம் கியர் ஆயில் மாற்றியதிலிருந்து வண்டி சரியில்லை. டி-யில் போட்டால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, அப்புறம் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்புகிறது. ஓடும்போது கியர் மாறுகிற இடத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றுகிற வேகம்) மட்டும் எகிறுகிறது, வேகம் கூடவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா, அக்கா பிள்ளைகளோடு திருச்செந்தூர் போக வேண்டும். ஆயில் பெயரை மட்டும் சொன்னால் போதும், காலையிலேயே வாங்கிவிடுவேன்.

பல்லாவரம்_பாலா | இரவு 10.52
எந்த வருட வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? போன மாதம் என்ன ஆயில் ஊற்றினார்கள்? இது மூன்றும் தெரியாமல் பெயர் சொல்ல முடியாது சார்.

எஞ்சினியர்94 | இரவு 11.05
தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சிட்டி ஆட்டோமேட்டிக் என்றாலே சிவிடிதான், அதாவது கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற வகை. சிவிடிக்கு ஹோண்டா எச்சிஎஃப்-2. போய் வாங்கு.

வைகைக்கரை | இரவு 11.20
எனக்கென்னவோ ஆயில் பிரச்சினை மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது தட்டுகிறது என்றால் எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் போயிருக்கும். என் வண்டியில் இதே சத்தம்தான், மவுண்ட் மாற்றியதும் நின்றுவிட்டது. முதலில் பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு டி, ஆர் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

பல்லாவரம்_பாலா | இரவு 11.26
மவுண்ட் போனால் தட்டும், சரி. ஆர்பிஎம் ஏன் எகிற வேண்டும்?

தஞ்சாவூர்க்காரி | செவ்வாய், காலை 6.15
செந்தில் அண்ணா, தயவுசெய்து எச்சிஎஃப்-2 வாங்கிவிடாதீர்கள், முதலில் வருடத்தைச் சொல்லுங்கள். சிட்டி ஆட்டோமேட்டிக் எல்லாமே சிவிடி கிடையாது. 2003-இல் வந்த பழைய உருவம் சிவிடி. 2008 கடைசியில் வந்து 2013 வரை விற்றது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்துகிற பாகம்) வைத்த 5 ஸ்பீடு கியர்பாக்ஸ். 2014-இல் வந்த மாடலிலிருந்து மறுபடி சிவிடி. என்னுடையது 2011, அதனால் இந்தக் குழப்பத்தை நானே பட்டிருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே ஆயில் இல்லை.

எஞ்சினியர்94 | காலை 7.40
அம்மா, நான் மெக்கானிக்கல் படித்தவன். ஆட்டோமேட்டிக் ஆயில் எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான், எச்சிஎஃப்-2 தரத்தில் மேலே இருப்பது. மேலே இருப்பதை ஊற்றினால் கெட்டுப்போகாது.

குரோம்பேட்டை_பட்டறை | காலை 8.10
சார், இதை அப்படியே விட முடியாது. இதில் மேல், கீழ் என்று எதுவும் இல்லை. சிவிடியில் இரும்பு பெல்ட் இரும்புப் புல்லியைக் கவ்வித்தான் வண்டி ஓடுகிறது. வழுக்காமல் கவ்வ வைக்கிற மாதிரி அந்த ஆயிலைத் தயாரிக்கிறார்கள். 5 ஸ்பீடு கியர்பாக்ஸில் இருப்பது கிளட்ச் பிளேட்டுகள். எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் இறுக வேண்டும் என்பதை அந்த ஆயிலில் கலந்திருக்கிற மருந்துதான் தீர்மானிக்கிறது. ஒன்றின் ஆயிலை மற்றதில் ஊற்றினால் உடனே எதுவும் தெரியாமல் இருக்கலாம், பிளேட் தேய்ந்த பிறகுதான் தெரியும். அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மேலூர்_செந்தில் | காலை 9.30
மன்னிக்கவும், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கிறேன். 2010 வண்டி, 84,000 ஓடியிருக்கிறது, இரண்டாவது ஓனர் நான். பில்லில் 'கியர் ஆயில் 3 லிட்டர்' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. சிவப்பாக இருந்தது, அதனால் நல்ல ஆயில் என்று நினைத்தேன். மேனுவலில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) இசட்-1 என்று போட்டிருக்கிறது. இப்போது கடையில் கேட்டால் அப்படி ஒரு ஆயிலே இல்லை என்கிறார்கள். அப்போ என்ன செய்வது?

குரோம்பேட்டை_பட்டறை | காலை 9.55
நல்லது தம்பி, இதுதான் வேண்டியிருந்தது. உங்களுடையது 5 ஸ்பீடு. இசட்-1-ஐ நிறுத்திவிட்டு அதன் இடத்துக்கு ஹோண்டாவே கொண்டுவந்தது டிடபிள்யூ-1. பழைய இசட்-1 வண்டிகளுக்கும் அதுதான். ஸ்பேர்ஸ் கடையில் 'ஹோண்டா ஏடிஎஃப் டிடபிள்யூ-1' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், கேன் மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சிவப்பு வெறும் சாயம். எஞ்சின் ஆயில் ஒழுகுகிறதா, கியர் ஆயில் ஒழுகுகிறதா என்று தரையில் பார்த்ததும் தெரிவதற்காகச் சேர்ப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் தரத்தில் வருகிற டெக்ஸ்ரான் ஆயிலும் சிவப்பு, டிடபிள்யூ-1-உம் சிவப்பு.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் கியர்பாக்ஸில் போல்ட்டைக் கழற்றினால் இறங்குவதே சுமார் இரண்டரை லிட்டர்தான். மூன்று லிட்டர் எப்படிப் போனது? அளவு பார்க்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா?

மேலூர்_செந்தில் | காலை 10.02
ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைப் பையன் ஸ்டார்ட்டில் வைத்துத்தான் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டுகிற கம்பி) உருவிப் பார்த்தான், குறைகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

தஞ்சாவூர்க்காரி | காலை 10.20
பெயர் தெரியாத ஆயில், அதுவும் அளவுக்கு மேலே என்று இரண்டு தப்பும் சேர்ந்து நடந்திருக்கிறது அண்ணா. வேறு பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது பார்ப்பார்கள், அந்தப் பழக்கம் அந்தப் பையனுக்கு. நம் வண்டியில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அணைத்த பிறகு கோட்டுக்கு மேலே நிற்கும். அதிகமானால் உள்ளே பற்சக்கரம் அதை அடித்து நுரை ஆக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது, கியர் தயங்கும்.

நானும் வீட்டுக்காரரும் எங்கள் வண்டிக்கு நாங்களேதான் மாற்றுவோம். டிரெயின் போல்ட்டுக்கு ஸ்பேனர் தேவையில்லை, தலையில் சதுரக் குழி இருக்கிறது, 3/8 அங்குல ராட்செட் அப்படியே உள்ளே உட்காரும். போல்ட் நுனியில் ஒரு காந்தம். முதல் தடவை கழற்றினபோது அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி குழைவாக ஒட்டியிருந்தது, விரலில் தேய்த்தால் கோலப்பொடி போலக்கூட நெருடாது. அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். சில்லு சில்லாக இரும்பு இருந்தால்தான் கவலை. அலுமினிய வாஷர் புதிதாகப் போடுங்கள், பழையதைப் போட்டால் கசியும். இறங்கியதை அளவு போட்ட கேனில் பிடித்து, முதலில் அதில் கொஞ்சம் குறைத்தே டிப்ஸ்டிக் துவாரம் வழியாக நீளக் குழாய் வைத்த புனலில் ஊற்றுங்கள்.

வைகைக்கரை | காலை 11.00
எதற்கு இவ்வளவு சிரமம்? பல வண்டிக்குப் பொருந்தும் என்று போட்டு விற்கிற சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் முடிந்தது. நான் அதைத்தான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன்.

பல்லாவரம்_பாலா | காலை 11.15
எந்த வண்டியில்?

வைகைக்கரை | காலை 11.18
டிசையர் ஏஜிஎஸ்.

குரோம்பேட்டை_பட்டறை | காலை 11.40
சார், ஏஜிஎஸ் என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி போடுகிறது. அதற்கு மேனுவலுக்கு ஊற்றுகிற கியர் ஆயில், அந்தக் கருவிக்குத் தனியாக ஒரு ஆயில். ஏடிஎஃப் அதில் வேலையே இல்லை. உடனே மேனுவலைப் பாருங்கள்.

எஞ்சினியர்94 | மதியம் 12.30
எல்லோரும் கம்பெனி ஆயில், கம்பெனி ஆயில் என்று பயமுறுத்துகிறீர்கள். அந்தக் காலத்தில் டெக்ஸ்ரான் ஒன்றை வைத்தே எல்லா வண்டியும் ஓடியது. அதில் திமிங்கில எண்ணெய்கூடக் கலந்தார்கள் தெரியுமா?

குரோம்பேட்டை_பட்டறை | மதியம் 1.10
தெரியும் சார், கிளட்ச் பிளேட் மென்மையாகப் பிடிக்கத்தான் அதைக் கலந்தார்கள். 1970களில் அமெரிக்காவில் திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்து அந்த எண்ணெய் நின்றதும், அதற்கு மாற்று கிடைக்காமல் எத்தனை கியர்பாக்ஸ் திணறியது. ஆயிலில் கலக்கிற மருந்து ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் வருகிற கேனில் என்ன இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வதுதான் கணக்கு.

யாழ்_விட்ஸ் | மாலை 4.05
எங்கட பக்கம் வாகனம் எல்லாம் ஜப்பானில் இருந்து வருவதால் மனுவல் ஜப்பான் மொழியில்தான் கிடைக்கும். என்ட டொயோட்டா விட்ஸ் காருக்கு கராஜில் ஒருவர் டிசி என்கிறார், ஒருவர் எஃப்ஈ என்கிறார். இரண்டும் டொயோட்டா சிவிடி ஒயில்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றதை விடலாமா? ஆராவது சொல்லுங்கோ.

பல்லாவரம்_பாலா | மாலை 5.20
செந்தில் சார், உள்ளே இருப்பது மொத்தம் சுமார் ஐந்தரை லிட்டர், ஒரு தடவைக்கு இரண்டரைதான் இறங்கும். ஒருமுறை மாற்றினால் பழைய ஆயில் 55 சதவீதம் மிச்சம், இரண்டாம் முறை 30, மூன்றாம் முறை 16. நடுவில் எல்லாக் கியரும் விழுகிற மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மாற்றுங்கள். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்கிறேன், மொத்த ஆயிலையும் ஒரே தடவையில் தள்ளி மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம்.

குரோம்பேட்டை_பட்டறை | மாலை 6.00
பாலா சொன்னதுதான். திருச்செந்தூருக்கு வேறு வண்டி எடுங்கள் தம்பி. ஆர்பிஎம் எகிறுகிற ஒவ்வொரு முறையும் பிளேட் தேய்கிறது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நிற்க வேண்டாம். விட்ஸ் சகோதரர் தனியாக ஒரு இழை போடுங்கள், மாடல் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தஞ்சாவூர்க்காரி | சனி, காலை 7.00
செந்தில் அண்ணா, என்ன ஆயிற்று?

மேலூர்_செந்தில் | அடுத்த வியாழன், இரவு 9.15
தாமதத்துக்கு மன்னிக்கவும். திருச்செந்தூருக்கு வாடகை வேனில் போனோம். டிடபிள்யூ-1 மதுரையில் கிடைத்தது. முதல் தடவை போல்ட்டைக் கழற்றினபோது மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது, மேலே நுரை. காந்தத்தில் மை மட்டும்தான், சில்லு இல்லை. இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இடிக்கிற தட்டு நின்றுவிட்டது. ஆர்பிஎம் காலையில் முதல் தடவை கிளம்பும்போது இன்னும் லேசாக எகிறுகிறது, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறை மாற்றுகிறேன். அக்காவுக்கும் பட்டறை அண்ணனுக்கும் நன்றி.