ஃபாஸ்டர் கேருக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அமுதா, தாராவி:
குழுவினருக்கு வணக்கம். மும்பையில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகவேண்டும். அடாப்ஷனுக்குத் 'தத்தெடுப்பு' இருக்கிறது. ஃபாஸ்டர் கேருக்கு, அதாவது ஒரு பிள்ளையைத் தத்தெடுக்காமலே வேறொரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு, 'வளர்ப்பு' என்று எழுதி, தொண்ணூறடிச் சாலைப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவரிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "வளர்ப்பு மகள் என்றால் என் வீடு அவளுக்குத்தானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் அந்த அறிக்கையே!

ராகவன், மாதுங்கா:
முதலில் 'தத்து' வடசொல். தமிழில் தத்து என்றால் கண்டம். பிள்ளைக்குத் தத்து இருக்கிறது என்று சோதிடர் பயமுறுத்துவது அதைத்தான். 'மகவேற்பு' என்போம். ஃபாஸ்டருக்குப் புறநானூறு 312 போதும்: "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே". பொன்முடியார் வாக்கு. புறந்தருதல் என்றால் பேணி வளர்த்தல். ஆகவே 'புறந்தரல்'.

மேரி, செம்பூர்:
ஐயா, அந்தப் பாட்டில் ஈன்றவளேதான் புறந்தருகிறாள். நமக்குச் சிக்கலே ஈன்றவள் வேறு, வளர்ப்பவள் வேறு என்பதில்தான். வழக்கறிஞராகச் சொல்கிறேன்: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, தத்தெடுத்தால் குழந்தை பெற்றவர்களிடமிருந்து நிரந்தரமாகப் பிரிந்து, எடுத்தவர்களின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது, சொத்துரிமை உட்பட. ஃபாஸ்டர் கேரில், அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழு தேர்ந்தெடுத்த குடும்பத்திடம் பிள்ளையைக் கொடுத்து, மேற்பார்வையும் செய்யும். வாரிசுரிமை கிடையாது. பெற்றவர் நிலைமை சீரானால் திரும்பிப் போகலாம். இரண்டுக்கும் இடையில் சுவரும் இல்லை: 2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைப்படி, சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளையை இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்கவும் கோரலாம். 'தற்காலிக' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சில பிள்ளைகள் 18 வயதுவரைகூட இருப்பார்கள்.

முருகேசன், பாண்டுப்:
பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி என்று தொல்காப்பியர் பிரித்தே வைத்திருக்கிறாரே! 'செவிலிக் குடும்பம்'. செவ்வையாக வளர்ப்பவள் செவிலி என்பது என் கட்சி. செவியோடு முடிச்சுப் போடுபவர்களுக்குத் தனி மடலில் பதில் சொல்கிறேன்.

அமுதா:
அண்ணா, செவிலிக் குடும்பம் என்றால் வீட்டில் நர்ஸ் இருக்கிறார் என்று நினைத்து ஊசி போடவே வந்துவிடுவார்கள்.

முருகேசன்:
நர்ஸுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது யார் பிழை? அகத்திணைச் செவிலி காதலனோடு உடன்போக்கில் போன மகளைத் தேடிப் பாலை வழியே நடந்தவள். ரத்த உறவு இல்லாத தாய்மைக்கு இதைவிடச் சான்று எது?

மேரி:
அந்தச் செவிலி நற்றாயோடு ஒரே வீட்டில் இருந்தவள். நலக் குழு ஆணையோடு வந்தவள் இல்லை. 'ஒப்படைப்புப் பராமரிப்பு' எப்படி? இன்னொருவர் பொறுப்பில் கொடுக்கப்பட்டது என்பது கேட்டவுடன் தெரியும்.

அமுதா (வியாழன் இரவு):
மூன்று பேர் சரி என்று எழுதியிருக்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். 'ஒப்படைப்புப் பராமரிப்பு' என்றே அனுப்பிவிட்டேன். பக்கத்தில் 'ஃபாஸ்டர் கேர்' என்றும் போட்டிருக்கிறேன். இட்லி அக்காவுக்கு இன்னும் வாசித்துக் காட்டவில்லை.

ராகவன்:
என் மறுப்பு பதிவாகட்டும். ஒப்படைப்பு என்றால் திருட்டு நகையைக் காவல் நிலையத்தில் கொடுப்பதுபோல் இருக்கிறது. மகவேற்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.