வராந்தாவில் நிறுத்தினால் வாத்து பார்க்கிறான்

வகுப்பில் அடங்காத பிள்ளையை வழிக்குக் கொண்டுவர என்ன திட்டம் போட்டீர்கள், எது பலித்தது? ஆசிரியர்களும் ஒரு அப்பாவும் சொன்னவை இவை.

மன்னார்குடிப் பக்கம், ஈராசிரியர் பள்ளி டீச்சர்:

போன வருஷத்துக் கதை. மூன்றாம் வகுப்புப் பையன், பெயர் வேண்டாம். பக்கத்தில் இருப்பவன் பென்சிலைப் பிடுங்கி ஒடிப்பான், நோட்டைக் கிழிப்பான், திடீரென்று எழுந்து அறையைச் சுற்றி ஓடுவான். எங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, அரசின் அடிப்படை எழுத்து, எண் பயிற்சித் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு. ஒருவன் ஓடினால் மொத்த அறையும் ஓடும். அடிக்கக் கூடாது, அடிக்க மனசும் வராது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "போ, வராந்தாவில் நில்லு."

வட்டார வள மையத்திலிருந்து, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக வரும் சிறப்பாசிரியர் அக்காவிடம் புலம்பினேன். "திட்டம் அப்புறம் போடலாம் டீச்சர், முதல்ல எட்டு நாள் எழுதுங்க" என்றார். நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின்னால் என்ன நடந்தது. முதல் நாள் "சேட்டை செய்தான்" என்று எழுதி வைத்திருந்தேன். பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டார். "சேட்டைய எப்படி எண்ணுவீங்க? யார் பார்த்தாலும் ஒரே மாதிரி எண்ணுறாப்ல எழுதுங்க." சரி என்று, "10.40, பென்சிலைப் பிடுங்கி ஒடித்தான்" என்று எழுத ஆரம்பித்தேன்.

எட்டு நாளில் 17 தடவை. அதில் 13 தடவை முதல் கட்டத்தில் ஒரே சங்கதிதான்: கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னேன், இல்லையென்றால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். கணக்கு நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது கட்டத்தில் வரிசையாக வராந்தா, வராந்தா, வராந்தா.

அது புரட்டாசி மாதம். பள்ளியை ஒட்டிய வயலில் குறுவை அறுத்து முடித்து வாத்து மேய விட்டிருந்தார்கள். பையன் தூணைக் கட்டிக்கொண்டு வாத்தை எண்ணிக்கொண்டிருப்பான். வாசிக்கத் தெரியாதது நாலு பேருக்குத் தெரியாமல் தப்பிக்க அவனுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியை வாத்தோடு சேர்த்துத் தினமும் திறந்துவிட்டவள் நான்.

திட்டம் ஒரு பக்கம்தான். பலகையைப் பார்த்து எழுதுவது மூன்று வரி போதும். தனியாக வாசிக்கச் சொல்வதில்லை, என்னோடு சேர்ந்து வாசிப்பான். தாங்க முடியவில்லை என்றால் ஒரு புளியங்கொட்டையை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் வராந்தாவுக்குப் போகலாம், நாளுக்கு நாலு கொட்டை. பென்சிலை ஒடித்தால் வராந்தா கிடையாது, அந்த மூன்று வரியும் அப்படியே காத்திருக்கும். முதல் வாரம் நிலைமை இன்னும் மோசமானது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கொட்டையை வைத்தான், போனான், தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

திருவாரூர், சிறப்பாசிரியர்:

முதல் வாரம் சேட்டை கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பழைய வழி அடைபட்டால் பிள்ளை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கும். அங்கேதான் பாதிப் பேர் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். இன்னொன்று, நோட்டுப் போடுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். பலகை தெரியாமல் பக்கத்து நோட்டை இழுத்த பிள்ளையை "பிடுங்குறான்" என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்டது கண்ணாடி. அப்புறம், தண்டனையாக வெளியே நிறுத்துவதையும் யோசியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு அடியை மட்டும் சொல்லவில்லை, மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

வேதாரண்யம் பக்கம், இரண்டாம் வகுப்பு சார்:

என் வகுப்புப் பெண் தலைகீழ். அவளுக்குத் தப்பிக்க வேண்டாம், நான் வேண்டும். யாரையாவது கிள்ளுவாள், நான் "ஏய்!" என்று திரும்புவேன், அவள் முகத்தில் வெளிச்சம். சும்மா இருக்கும்போதே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய் நோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தேன், அவ்வளவுதான் என் திட்டம். இன்னொருவன் காலை முதல் பாடவேளையில் மட்டும் எரிந்து விழுவான். அம்மா விடிவதற்குள் நடவுக்குப் போய்விடுவார், அவன் வெறும் வயிற்றோடு வருவான். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவு வந்ததே, அதற்குப் பிறகு அவனுக்கு நான் எந்தத் திட்டமும் போடவில்லை.

கும்பகோணம், ஒரு அப்பா:

எங்களுக்குக் கிடைத்தது வேறு அனுபவம். பையன் படித்த தனியார் பள்ளியில் சுவரில் அட்டை ஒட்டி, அவன் பெயருக்கு நேரே மட்டும் சிவப்புப் பொட்டு வைத்தார்கள். வேன் டிரைவர் வரைக்கும் அவனைச் 'சிவப்புப் பொட்டு' என்று கூப்பிட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், அவனுக்குக் கடகட சத்தம் ஆகாது. அவனை உட்கார வைத்திருந்தது ஆடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே. டீச்சர், உங்கள் புளியங்கொட்டையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்யவில்லையா?

மன்னார்குடிப் பக்கம், டீச்சர்:

கேலி வரவில்லை சார், வேறு வம்பு வந்தது. பள்ளி வாசலிலேயே புளியமரம் நிற்கிறதே, எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் மேசை முழுக்கக் கொட்டை, வாசலில் ஒன்பது பேர் வாத்து பார்க்கிறார்கள். மறுநாளே எங்கள் வீட்டுத் தாயக்கட்டைப் பெட்டியிலிருந்து நாலு சோழியைக் கொண்டுவந்துவிட்டேன்.